ஏட்டுச்சுவடியும் படச்சுருளும்: ஒரு சித்திர இராமாயணம் வீடு வந்து சேர்ந்த வரலாறு

பழந்தமிழ் நூலொன்றைப் பற்றி எழுதப் புகுவோர், தாம் எந்தப் பதிப்பைக் கொண்டு எழுதுகிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. உ.வே.சா. பதிப்பா, வை.மு.கோ. உரைப்பதிப்பா, மலிவுப் பதிப்பா என்று கேளாமல் ஒரு பாடலின் சொல்லைப் பற்றி வாதிட எவரும் துணிவதில்லை. திரைப்படத்தைப் பற்றி எழுதும்போது மட்டும் இந்த ஒழுக்கம் எங்கோ ஓடி ஒளிந்துகொள்கிறது. "அப்படத்தின் வண்ணங்கள் மங்கலானவை" என்று ஒருவர் எழுதுகிறார். மங்கியது படமா, அவர் பார்த்த பிரதியா என்று நாம் கேட்பதில்லை. அவரும் தம்மைக் கேட்டுக்கொள்வதில்லை.

கையால் வரைந்த பழைய அசைவூட்டப் படங்களில் இக்கேள்வி இன்னும் கூர்மை பெறுகிறது. நடிகர்கள் நடித்த படத்தில் படம் தெளிவற்றுப் போனாலும் குரலும் நடிப்பும் நம்மை இழுத்துச் செல்லும். கோடும் வண்ணமுமே நடிப்பாக நிற்கும் படத்தில் கோடு கலைந்தால் நடிப்பே கலைந்தது என்று பொருள். ஆகவே ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, அது எந்தெந்த வடிவில் மக்கள் கண்ணுக்கு வந்தது, ஒவ்வொரு வடிவிலும் எதை இழந்தது, எதை மீட்டது என்று பார்ப்பது பயனுள்ளதாக இருக்கும் என எண்ணுகிறோம். நாம் எடுத்துக்கொள்வது ஜப்பானியரான யூகோ சாகோ உருவாக்கிய "இராமாயணம்: இளவரசர் இராமனின் காவியம்". கம்பனைப் பாடம் நடத்திப் பிழைக்கும் நமக்கு இப்படத்தின்மீது கூடுதல் உரிமை உண்டு என்றும் வைத்துக்கொள்ளலாம்.

*

இப்படம் பிறந்த வரலாறு விந்தையானது. 1983ஆம் ஆண்டு, தொல்லியலாளர் பி.பி. லால் அவர்களின் இராமாயணத் தொடர்பான அகழாய்வுகளைப் பற்றி ஆவணப்படம் எடுக்க சாகோ இந்தியா வந்தார். வந்த இடத்தில் இராம கதை அவரைப் பற்றிக்கொண்டது. ஜப்பானிய மொழியில் கிடைத்த பத்து இராமாயணங்களைப் படித்தார் என்பர். மனிதன் நடித்தால் இராமனின் தெய்வத்தன்மை குறைபடும், ஓவியமே அதற்குத் தக்க ஊடகம் என்ற முடிவுக்கு அவர் வந்தார். நம்மூர்த் தோற்பாவைக் கூத்தர்கள் பல தலைமுறைகளுக்கு முன்பே அந்த முடிவுக்கு வந்துவிட்டார்கள் என்பதை அவர் அறிந்திருந்தாரா, தெரியவில்லை. ஒளி ஊடுருவும்படி பதப்படுத்திய தோலில் வண்ணம் தீட்டி, பின்னால் விளக்கை வைத்து, திரையில் இராமனையும் இராவணனையும் மோதவிடும் அக்கலைக்கும் அசைவூட்டப் படத்துக்கும் உறவு மிக நெருக்கமானது.

முயற்சி எளிதில் கைகூடவில்லை. செய்தித்தாளில் வந்த குறிப்பைத் தவறாகப் புரிந்துகொண்டு, அயல்நாட்டார் இராமாயணத்தைத் தொடுவதா என்று விசுவ இந்து பரிஷத் எதிர்ப்புக் கடிதம் எழுதியது. கூட்டுத் தயாரிப்புக்கு இந்திய அரசின் ஒத்துழைப்பும் கிட்டவில்லை. படம் பெரும்பாலும் ஜப்பானிலேயே உருவாயிற்று. இந்தியாவின் சார்பில் அதில் கைகோத்தவர் ராம் மோகன். பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவு 1956இல் தொடங்கப்பட்டபோது, டிஸ்னி நிறுவனத்தில் பணிபுரிந்திருந்த கிளேர் வீக்ஸ் என்பவரிடம் பயின்ற முதல் தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். சாகோ, கோயிச்சி சசாகி, ராம் மோகன் ஆகிய மூவரும் இயக்குநர்கள். இசை வனராஜ் பாட்டியா. ஏறத்தாழ 450 கலைஞர்கள் உழைத்தனர். கையால் தீட்டப்பட்ட படத்தாள்கள் ஒரு இலட்சத்தைத் தொட்டன. ஓடும் நேரம் 135 நிமிடம். மூல உரையாடல் ஆங்கிலம், பாடல்கள் வசந்த் தேவ் எழுதிய சமஸ்கிருதம். 1993 ஜனவரியில் புதுதில்லியில் நடந்த பன்னாட்டுத் திரைப்பட விழாவில் படம் திரையிடப்பட்டது. அதற்கு முந்தைய மாதம் அயோத்தியில் நடந்தது அனைவரும் அறிந்ததே. இராமனின் பெயரால் ஒரு படம் திரையரங்குகளுக்கு வர உகந்த காலமாக அது இல்லை.

திரையரங்கில் பரவலாக ஓடாத படம் பின் எப்படி ஒரு தலைமுறையின் நினைவில் தங்கிற்று? தொலைக்காட்சி வழியாகவும் வட்டுகள் வழியாகவும். 90களின் பிற்பகுதியில் இந்தியில் குரல் மாற்றம் பெற்றது. இராமனுக்கு அருண் கோவில், இராவணனுக்கு அம்ரீஷ் புரி, கதைசொல்லியாக சத்ருகன் சின்ஹா. பின்னர் கார்ட்டூன் நெட்வொர்க் அலைவரிசை இதனைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பியது. நம் பக்கத்துப் பிள்ளைகள் பலரும் கேபிள் வழியாக இப்படத்தைக் கண்டவர்களே. அதாவது, 35 மி.மீ. படச்சுருளில் பதிந்த ஓர் ஓவியக் காவியத்தை, அதன் படச்சுருள் ஒளியை ஒருமுறைகூடக் காணாமலேயே ஒரு தலைமுறை நேசித்தது.

*

அவர்கள் கண்டது என்ன என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

அசைவூட்டத்தில் "செல்" என்பது கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் தாள். முன்பக்கம் மையால் கோடு, பின்பக்கம் வண்ணப் பூச்சு. அதைப் பின்புல ஓவியத்தின்மேல் வைத்து ஒவ்வொரு சட்டமாகப் படம்பிடிப்பார்கள். நம் மொழியில் செல் என்பது ஏட்டை அரிக்கும் பூச்சி. செல்லரித்த சுவடி என்கிறோமே, அது. ஒரு கலையைத் தாங்கும் பொருளுக்கும் இன்னொரு கலையை அழிக்கும் உயிருக்கும் ஒரே பெயர் அமைந்தது தற்செயல்தான். ஆயினும் இக்கட்டுரை முழுவதும் அந்தத் தற்செயல் நம்மைத் தொடர்ந்து வருகிறது.

செல் ஓவியத்தில் முகம் என்பது ஒரே சீரான வண்ணப் பரப்பு, அதன் ஓரத்தில் மெல்லிய ஒரு கோடு. இந்த இரண்டையும்தான் பழைய வீடியோ வடிவங்கள் குறிபார்த்துச் சிதைத்தன. 80களின் இறுதியிலும் 90களிலும் மேலூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் திருவிழாவுக்கும் காதுகுத்துக்கும் "டெக்கு" வாடகைக்கு எடுத்து, வண்ணத் தொலைக்காட்சியோடு தெருவில் வைத்து விடிய விடியப் படம் போடுவது வழக்கம். கேசட் தேய்ந்து கோடு விழுந்தால், மொடமொடப்பான புது ரூபாய்த் தாளால் டெக்கின் தலையைத் துடைக்கும் கைவைத்தியமும் உண்டு. அந்த வி.எச்.எஸ். நாடாவின் தெளிவு கிடைமட்டத்தில் ஏறத்தாழ 240 கோடுகள். அது வெளிச்சத்துக்கு மட்டுமே. வண்ணத்துக்கு அதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே வண்ணம் கோட்டுக்குள் அடங்காமல் வழியும். சிவப்பு மிகவும் வழியும். சிறுபிள்ளை வண்ணப் புத்தகத்தில் தீட்டியதுபோல் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போய்விடும். பிரதிக்குப் பிரதி எடுத்த மூன்றாம் தலைமுறை நாடாவில் கோடே இராது, வெறும் வண்ணத் திட்டுகள்தாம்.

பின்னர் வந்தது வி.சி.டி. 1993இல் தரம் வரையறுக்கப்பட்ட அவ்வட்டு மேலைநாடுகளில் காலூன்றவில்லை. ஆனால் நம் நாட்டிலும் பிற ஆசிய நாடுகளிலும் வெள்ளமாய்ப் பாய்ந்தது. ஒரு வட்டில் ஏறத்தாழ 74 நிமிடம் அடங்கும். எனவே நம் இராமாயணம் போன்ற படத்துக்கு இரண்டு வட்டுகள் வேண்டும். வி.சி.டி.யின் பட அளவு 352க்கு 288 புள்ளிகள். பெருக்கிப் பார்த்தால் ஒரு சட்டத்துக்கு 1,01,376 புள்ளிகள். பிந்தைய டி.வி.டி.யில் 720க்கு 576, அதாவது 4,14,720. இன்றைய 4கே தரத்தில் 3840க்கு 2160, அதாவது 82,94,400. டி.வி.டி.யைப்போல் சரியாக இருபது மடங்கு. வி.சி.டி.யைப்போல் எண்பது மடங்குக்கும் மேல். ஒரு பாடலின் எண்பது சொற்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு கவிச்சுவை பேசுவதுபோல் என்றால் மிகையாகத் தோன்றலாம். கணக்கு அப்படித்தான் இருக்கிறது.

எண்ணிக்கை மட்டுமே குற்றவாளி அன்று. வி.சி.டி. படத்தைச் சிறு சதுரங்களாகப் பகுத்துச் சுருக்குகிறது. இலையும் மணலும் கூட்டமும் நிறைந்த காட்சியில் அச்சதுரங்களைக் கண் எளிதில் காணாது. சீரான வானத்தில், விடியலின் இளஞ்சிவப்பு மெல்ல மெல்ல மஞ்சளாகும் ஓவியத்தில், அச்சதுரங்கள் குளியலறை ஓடுகள் பதித்ததுபோல் தெரியும். கறுப்புக் கோட்டின் இருபுறமும் கொசு மொய்ப்பதுபோல் ஓர் அலைவு தோன்றும். இருளில் நடக்கும் போர்க் காட்சிகள் இன்னும் மோசம். இருளும் தீப்பிழம்பும் கலந்த இலங்கைப் போர்க்களத்தில் வானரர் எவர், அரக்கர் எவர் என்று பிரித்தறிய முடியாத கறுப்புக் கட்டங்களே எஞ்சும். வரைந்தவனுக்கு எது எளிய, தூய அழகோ அதுவே இவ்வட்டுக்குப் பெருஞ்சுமையாகிறது. கோலத்தைப் பருந்துக் கால் பதிந்த ஈரமண்ணில் போட்டதுபோல் என்று சொல்லலாம்.

இன்னொரு குறை கண்ணுக்குத் தெரியாதது, காதுக்குத் தெரிவது. திரைப்படம் நொடிக்கு 24 சட்டம் ஓடுகிறது. நம் நாட்டுப் பால் முறைத் தொலைக்காட்சி நொடிக்கு 25. எனவே பால் முறைக்கு மாற்றும்போது படத்தைச் சற்று விரைவாக ஓட்டிவிடுவதே எங்கும் வழக்கம். 135 நிமிடப் படம் இவ்வாறு ஓடினால் ஏறத்தாழ 129 நிமிடம் 36 நொடியில் முடிந்துவிடும். வட்டின் நேரத்தைப் பார்த்து "ஐந்து நிமிடத்தை வெட்டிவிட்டார்கள்" என்று குறைகூறுவோரை நாம் கண்டதுண்டு. வெட்டவில்லை, விரைவுபடுத்தியிருக்கிறார்கள். ஆனால் சுருதியும் ஏறத்தாழ முக்கால் அரைச்சுரம் ஏறிவிடும். வனராஜ் பாட்டியாவைப் போன்ற இசையமைப்பாளரின் படத்தில் இது சிறு குறையன்று.

ஜப்பான், அமெரிக்கா ஆகிய நாடுகளின் தொலைக்காட்சி முறையோ வேறு. நொடிக்கு ஏறத்தாழ 30 சட்டம். அம்முறையில் எடுத்த நாடாவை நம் முறைக்கு மாற்றும்போது, இயந்திரம் அடுத்தடுத்த இரு சட்டங்களைக் குழைத்து ஒன்றாக்கும். நடிகர் படத்தில் இது மெல்லிய மங்கல். அசைவூட்டத்தில் அப்படியன்று. பெரும்பாலும் ஒரே ஓவியத்தை இரு சட்டங்களுக்கு நிறுத்தி, நொடிக்குப் பன்னிரண்டு ஓவியங்களால் அசைவைக் காட்டுவது வரைவோர் வழக்கம். ஓவியத்துக்கு ஓவியம் இடைவெளி மிகுதி. அவற்றைக் குழைத்தால் வில்லேந்திய கைகள் நான்காகத் தெரியும். இராமனுக்கு அது தத்துவ நோக்கில் பொருந்தலாம், கலை நோக்கில் பொருந்தாது.

இவற்றுக்கெல்லாம் மேல் நம் வீட்டுக் கொடுமை ஒன்றுண்டு. அகலத் திரைத் தொலைக்காட்சி வந்த பின் 4க்கு 3 அளவிலான படத்தைத் திரை முழுதும் இழுத்துப் பரப்பிப் பார்க்கிறார்கள். இருபுறமும் கறுப்புப் பட்டை இருந்தால் கொடுத்த காசுக்கு நட்டம் என்ற எண்ணம். தவக்கோலத்தில் மெலிந்த இராமன் நன்கு உண்டு பருத்தவனாகக் காட்சி தருகிறான்.

*

வட்டு வணிகத்தின் வரலாற்றை இங்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் திருட்டு வி.சி.டி. தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு விற்றது. 2004இல் குண்டர் தடுப்புச் சட்டத்தில் வீடியோ திருடர்களையும் சேர்த்துத் திருத்தம் செய்ய வேண்டிய அளவுக்கு அது வளர்ந்தது. ஆறு படங்களை ஒரே டி.வி.டி.யில் திணித்து விற்றார்கள். டி.வி.டி. என்று பெயர், உள்ளே வி.சி.டி.யினும் தாழ்ந்த தரம். 2007இல் மோசர் பேயர் நிறுவனம் வி.சி.டி. 28 ரூபாய், டி.வி.டி. 34 ரூபாய் என்று முறையான உரிமையோடு விற்கத் தொடங்கியது பெரும் புரட்சி. மேலூர்ப் பேருந்து நிலையத்தருகே பெட்டிக்கடையில்கூட அவ்வட்டுகள் தொங்கின. அந்நிறுவனமும் 2018இல் கலைப்புக்கு ஆளாகிவிட்டது. அவ்வட்டுகள் மலிவானவை, நாணயமானவை. ஆனால் பின்னட்டையில் எந்த மூலத்திலிருந்து படம் எடுக்கப்பட்டது என்று ஒரு வரி அச்சிடும் வழக்கம் மட்டும் அக்கால வட்டுகளில் ஏற்படவேயில்லை. பதிப்புரை இல்லாத பதிப்புகள் அவை.

*

இனிச் சற்றுக் கடல் கடந்து போவோம். பிரதி கெட்டால் திருத்தலாம். திருத்தியவர் கெடுத்தால் என்ன செய்வது?

டிஸ்னி நிறுவனத்தின் "சிண்ட்ரெல்லா" 1950இல் வந்தது. அந்நிறுவனத்தின் பழைய படங்கள் பல விந்தையான முறையில் பதிவானவை. ஒவ்வொரு ஓவியத்தையும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று வடிகட்டிகள் வழியே மூன்று முறை, கறுப்பு வெள்ளைச் சுருளில் அடுத்தடுத்துப் பிடித்துவைத்தார்கள். ஓவியம் அசையாது நிற்பதால் இது இயன்றது. கறுப்பு வெள்ளைச் சுருளில் மங்குவதற்குச் சாயம் இல்லையாதலால் அவ்வண்ணங்கள் இன்றும் மீட்கத் தக்கவையாக உள்ளன. இவ்வளவு நல்ல மூலம் கையிலிருந்தும், 2005இல் டி.வி.டி.க்காகப் புதுப்பித்தபோது நேர்ந்தது வேறு. படச்சுருளுக்கே உரிய மணிமணியான துகளைத் தூசென்று கருதி எண்ணிம முறையில் துடைத்தார்கள். துடைத்த கை நிற்கவில்லை. ஆடையின் மடிப்புக் கோடுகளும் கூந்தலின் மெல்லிழைகளும் சேர்ந்து மறைந்தன. வெள்ளியாய் மின்ன வேண்டிய உடை நீலத்துக்கு நகர்ந்தது. 2012இல் வந்த புளூரே வட்டிலும் இக்குறை தொடர்ந்தது. பார்ப்பதற்குப் பளிச்சென்று, நேற்று வரைந்ததுபோல் இருந்தது. பொதுமக்கள் பாராட்டினார்கள். கோட்டை அறிந்தவர்கள் வருந்தினார்கள். கடைசியில் நிறுவனமே மனம் மாறி, வரைகலைஞர்களை அருகில் அமர்த்தி மூலத்திலிருந்து மீண்டும் 4கே தரத்தில் புதுப்பித்து, 2023இல் பெர்லின் திரைப்பட விழாவில் திரையிட்டது. துகளும் திரும்பியது, கோடும் திரும்பியது.

இதைப் படிக்கும்போது தமிழ் படித்த எவருக்கும் ரசிகமணி டி.கே.சி. நினைவுக்கு வராமல் இரார். கம்பன்மீது அவர் கொண்ட காதலை ஐயுறுவார் இல்லை. அக்காதலாலேயே, தம் செவிக்கு ஒவ்வாத பாடல்களை இடைச்செருகல் என்று ஒதுக்கினார். ஒவ்வாத சொற்களை மாற்றினார். "கம்பர் தரும் இராமாயணம்" படிக்கப் படிக்க இனிக்கும். எங்கும் தடை இல்லை, தூசு இல்லை. ஆனால் அது கம்பனா, டி.கே.சி.யின் கம்பனா? மறுபுறம் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா., பல ஏடுகளை ஒப்புநோக்கி, தமக்குச் சரியென்று பட்டதை மேலே வைத்தாலும், ஏனைய பாடங்களையும் அடிக்குறிப்பில் விட்டுவைத்தார். பின்வருவோர் அவரோடு உடன்படாதிருக்கவும் வழி செய்துவைத்த பெருந்தன்மை அது. படம் புதுப்பிப்போரில் டி.கே.சி.க்கள் பலர், உ.வே.சா.க்கள் சிலர் என்பதே நம் கருத்து. டி.கே.சி. அன்பர்கள் பொறுத்தருள்க.

எது மூலம் என்பதே சில நேரங்களில் சிக்கலாகும் என்பதையும் மறைக்கக் கூடாது. "ஜங்கிள் புக்" 1967இல் வந்தபோது, ஓவியங்கள் ஏறத்தாழச் சதுர வடிவில் வரையப்பட்டன. திரையரங்கிலோ மேலும் கீழும் மறைத்து அகலமாகக் காட்டப்பட்டன. வட்டில் எதைத் தருவது? வரைந்தது முழுவதையுமா, அரங்கில் காட்டியதையா? இரண்டு கட்சிக்கும் நியாயம் உண்டு. நூலாசிரியன் எழுதிய கைப்படியா, அவன் ஒப்புதலோடு அச்சான முதற்பதிப்பா என்னும் பதிப்பியல் வழக்கே இது. நம் சார்பு அரங்கில் காட்டியதன் பக்கம். காட்டவேண்டியதை எண்ணியே அக்கலைஞர்கள் காட்சியை அமைத்திருப்பார்கள்.

*

மீண்டும் நம் இராமாயணம். சாகோ 2012இலும், ராம் மோகன் 2019இலும் மறைந்தனர். படம் 4கே தரத்தில் புதுப்பிக்கப்பட்டு, 2025 ஜனவரி 24 அன்று இந்தியத் திரையரங்குகளில் வெளியாயிற்று. ஆங்கிலம், இந்தி, தெலுங்கு ஆகியவற்றோடு தமிழிலும் பேசிற்று. முதன்முதல் திரையிடப்பட்டு முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, நாடெங்கும் திரையரங்கு கண்ட படம்.

கேபிளில் கண்டவர்கள் இப்புதுப் பிரதியில் கண்டது வேறொரு படம் என்றே சொல்ல வேண்டும். பின்புல ஓவியங்களில் தூரிகை போன தடம் தெரிகிறது. அரண்மனைத் தூண்களின் நிழல்கள் கறுப்புக் கட்டங்களாக இல்லாமல் நிழல்களாகவே இருக்கின்றன. இராவணன் உடையின் வண்ண அடுக்குகள் ஒன்றோடொன்று வழியாமல் நிற்கின்றன. அவ்வளவும் 1992லேயே சுருளில் பதிந்திருந்தவை. 35 மி.மீ. சுருள் அத்தனையையும் பத்திரமாக வைத்திருந்தது. நடுவே வந்த நாடாவும் வட்டும் அலைவரிசையுமே நம்மிடமிருந்து அவற்றை மறைத்தன.

குரலைப் பற்றி மட்டும் நமக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. புது வெளியீட்டுக்குப் புதுக் குரல்கள் சேர்க்கப்பட்டன. தமிழில் இது தேவையான ஒன்று, மகிழ்ச்சி. ஆனால் அருண் கோவிலின் குரலோடு வளர்ந்த இந்திக்காரர்கள் ஏமாந்தார்கள். அவர்களுக்கு அக்குரலே மூலம். உண்மையில் அதுவும் ஒரு மொழிபெயர்ப்பே. அமெரிக்காவில் இப்படத்தையே 96 நிமிடமாகக் குறைத்து, ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் கதைசொல்ல, பிரையன் கிரான்ஸ்டன் இராமனாகப் பேச, ஏறத்தாழ 2000ஐ ஒட்டி ஒரு வடிவம் வெளியிட்டார்கள். அதைக் கண்டு வளர்ந்தவருக்கு அது மூலம். வால்மீகி, கம்பன், துளசி என்று இராம கதை கிளைத்தது போதாதென்று ஒரே படமும் இப்படிக் கிளைத்திருக்கிறது. கிளைப்பதில் குற்றமில்லை. எந்தக் கிளையில் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரிந்திருந்தால் போதும்.

*

தமிழ்நாட்டு அசைவூட்டப் படங்களுக்கு வரும்போதுதான் நம் கவலை கூடுகிறது. சென்னையில் இயங்கிய பென்டாமீடியா கிராபிக்ஸ் நிறுவனம் "பாண்டவாஸ்" என்னும் கணினி அசைவூட்டப் படத்தை 2000இல் உருவாக்கியது. ஆங்கில மொழிப் படத்துக்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது. அதே நிறுவனத்தின் "சிந்துபாத்" முழுக்க முழுக்க மனித அசைவைக் கணினியில் பதிந்து உருவாக்கிய முதல் முழுநீளப் படம் என்று உலக வரலாற்றில் குறிக்கப்படுகிறது. இளையராஜா இசையில் "இனிமே நாங்கதான்" 2007இல் வந்தது. தமிழில் முழுநீள முப்பரிமாண அசைவூட்டத்துக்கு அது தொடக்கம்.

கையால் வரைந்த 1992ஆம் ஆண்டுப் படம் 4கே தரத்துக்கு உயர்ந்துவிட்டதே, அதற்குப் பின் பிறந்த இவையும் எளிதில் உயராவா என்று கேட்கத் தோன்றும். உயரா. இங்குதான் பலர் தலைகீழாக எண்ணுகிறார்கள். படச்சுருளில் உள்ள தெளிவு, அதைப் பிடித்த நாளிலேயே வட்டுகளின் தெளிவைக் காட்டிலும் பன்மடங்கு மிகுதி. சுருள் கெடாமல் இருந்தால் என்று வேண்டுமானாலும் எடுத்துப் புதிய கருவியால் வருடிக்கொள்ளலாம். கணினிப் படத்தின் தெளிவோ, அன்று கணினி எத்தனைப் புள்ளிகளில் தீட்டியதோ அவ்வளவே. 1995இல் வந்த "டாய் ஸ்டோரி" 1536க்கு 922 புள்ளிகளில் தீட்டப்பட்டது. அதற்கு மேல் வேண்டுமானால் பழைய கோப்புகளைத் திறந்து மீண்டும் தீட்ட வேண்டும். கோப்பு இருக்க வேண்டும், அதைப் படிக்கும் மென்பொருள் இருக்க வேண்டும், அம்மென்பொருள் ஓடும் இயந்திரமும் இருக்க வேண்டும். 2009இல் அப்படத்தை முப்பரிமாணத்தில் வெளியிட முற்பட்டபோது, பிக்சார் போன்ற வளமான நிறுவனத்துக்கே பழைய கோப்புகளை உயிர்ப்பிக்க மாதக்கணக்காயிற்று. அவர்கள் அதைத் தொல்லியல் வேலை என்றே அழைத்தார்கள்.

ஏட்டுச்சுவடிக்கு நம் முன்னோர் கண்ட வழி, ஒரு சுவடி நைந்துபோகும் முன் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதுவது. எழுதாமல் விட்ட நூல்கள் பெயரளவில் மட்டுமே உரைகளில் நிற்கின்றன. கணினிக் கோப்புக்கும் இதே விதிதான், ஆனால் காலம் மிகக் குறைவு. நல்ல பனையோலை நூற்றாண்டுக்கு மேலும் தாங்கும். வன்தகடு பத்தாண்டு தாங்கினால் பெரிது. படச்சுருளுக்கும் நம் வெப்பமும் ஈரமும் பகை. அசிட்டேட் சுருள் புளித்துக் காடி நாற்றம் வீசிச் சுருங்குவதும், ஈஸ்ட்மன் வண்ணம் நாளடைவில் வெளிறி ஒரே ஊதாச் சிவப்பாக நிற்பதும் காப்பகத்தார் நன்கறிந்தவை. பிலிம்ஸ் டிவிஷன் 1974இல் வெளியிட்ட "ஏக் அனேக் ஔர் ஏக்தா" குறும்படத்தை இன்று இணையத்தில் பார்ப்போர் அதன் வெளிறிய வண்ணத்தைக் கண்டு பழமையின் அழகு என்கிறார்கள். தூர்தர்ஷன் காலத்தில் நம்மில் பலர் அதைக் கறுப்பு வெள்ளைப் பெட்டியில்தான் பார்த்தோம். வரைந்தவர்கள் தீட்டிய வண்ணம் இரண்டிலும் இல்லை.

பென்டாமீடியா படங்களையும் "இனிமே நாங்கதான்" படத்தையும் நல்ல பிரதியாகக் காண விரும்பும் மாணவருக்கு நாம் எந்த வட்டைக் காட்டுவது? தமிழ் அசைவூட்ட வரலாற்றைப் பாடமாக வைக்கும் துறைகள் வருகின்றன. பாடநூலில் பெயரும் ஆண்டும் விருதும் அச்சேறிவிடும், படம் மட்டும் கைக்கு எட்டாது. அந்த நிலையைத் தள்ளிப்போடவாவது வீட்டில் கிடக்கும் பழைய வட்டுகளுக்கு இன்று ஒரு பயன் உண்டு. வாசகர்களிடம் அக்காலத்து முறையான வி.சி.டி.யோ டி.வி.டி.யோ இருந்தால், தூக்கி எறியும் முன் நான்கு செய்திகளைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்: அட்டையில் உள்ள வெளியீட்டாளர் பெயர், அச்சிட்ட ஆண்டு, ஓடும் நேரம், படத்தின் அகல உயர விகிதம். சுருதி ஏறியிருக்கிறதா என்று காது சொன்னால் அதையும் எழுதிவையுங்கள். வட்டின் பளபளப்பான பக்கத்தில் பழுப்புத் திட்டு படர்ந்திருந்தால், இன்றே ஒரு கணினியில் பெயர்த்தெடுத்துக்கொள்வது நல்லது.